ஏழு பாட்டுக்குப் பேர் இல்லை

என் அத்தை ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதுவும் முழுசாக இல்லை. ஆனால் ரேடியோவில் ஒரு பாட்டு நாலு வரி போனால் போதும், எழுதினவர் யார் என்று சொல்லிவிடுவாள். அறிவிப்பாளர் பேர் சொல்லும் வரை காத்திருக்க மாட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். வாயை மூடு, ஈ போகும் என்பாள்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கச்சி. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவிலேயே இருந்தாள். இலங்கையில் தெஹியோவிட்டவுக்கு மேலே ரப்பர் தோட்டம். அப்பாவுக்கு ரப்பர் ஷீட் அடிக்கிற ஸ்டோரில் ரோலர் மெஷின் வேலை. அம்மாவும் அத்தையும் பால்வெட்டு. விடிந்ததும் கத்தியும் வாளியுமாகப் போய் ரப்பர் மரத்தைச் சீவுவார்கள். சிரட்டையில் பால் வடியும். பத்து மணிக்கு மேல் அதை வாளியில் சேர்த்துக்கொண்டு போய் நிறுக்கக் கொடுப்பார்கள். நான் அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு. அத்தை விட்ட இடத்தில் இருந்தேன். தம்பி பிறந்து நாலு மாதம்.

இந்தியாவில் ஒரு புது இசையமைப்பாளர் வந்து எல்லார் காதையும் பிடித்துக்கொண்ட காலம் அது. வயசில் சின்னவர். அவர் பாட்டில் முதலில் கொட்டுச் சத்தம் வரும். பிறகு என்னவென்றே தெரியாத ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் ஆள் பாடுவார். ஸ்டோரில் கேட்கிற சத்தம் போதாதா என்று அப்பா ரேடியோவைக் குறைத்தார். இரண்டு மாதத்தில் அவரே அந்த மெட்டை விசிலடித்துக்கொண்டு முகம் சவரம் செய்தார்.

பஜாரில் சிங்களப் பையன்களும் அந்தப் பாட்டுகளை வாங்கினார்கள். அவர்களுக்குச் சொல் தேவைப்படவில்லை. எங்களில் பாதிப் பேருக்கும் தேவைப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். தமிழ் தெரிந்தவர்கள் என்பதால் அதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

அப்படியும் சண்டை வந்தது. ஒரே இசையமைப்பாளர், எழுதுகிறவர்கள் பல பேர். அதில் யார் பெரியவர் என்று. பேர் பெற்ற கவிஞர் ஒருவர் இருந்தார். எல்லார் வாயிலும் அவர்தான். அவரை விட வயசில் மூத்தவர் ஒருவர் இருந்தார், பழைய காலத்தில் இருந்து எழுதுகிறவர். ஆட்டப் பாட்டுக்கென்று ஒரு இளவட்டமும் இருந்தார். மேட்டு லயம் முழுக்கப் பெரிய கவிஞர் பக்கம். பள்ளத்து லயம் மூத்தவர் பக்கம். இளவட்டத்தின் பக்கம் பிள்ளைகள் நாங்கள்.

அத்தை எந்தப் பக்கமும் இல்லை. கவிஞர்களின் பேர்கள் தெரிந்தும் அவள் அவற்றைச் சொல்வது குறைவு. அவளே பேர் வைத்திருந்தாள். பெரிய கவிஞர் கண்ணுக்காரர். மூத்தவர் வாய்க்காரர். இளவட்டம் காலுக்காரர்.

ஏன் அப்படி என்று ஒரு நாள் கேட்டேன். கத்தி தீட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்காரர் எதைப் பார்த்தாலும் அதன் பக்கத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார், மழையை மழையாக விட மாட்டார் என்றாள். வாய்க்காரர் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதுவார். முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டாவது சரணத்தில் அழ வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். காலுக்காரரைப் பற்றிச் சொல்லும்போது நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“மெட்டு ஓடுற ஓட்டத்துக்குச் சொல்லு வெக்கிறது லேசுன்னு நெனைக்காத. பட்டையை மேலாக்க சீவுனா பால் வராது. ஆழமாப் போனா மரம் கெட்டுப் போயிரும். அந்த ஆளு ரெண்டுக்கும் நடுவுல வெட்டுறாரு.”

அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பஜாரில் ஒரு ரெக்கோட் பார் இருந்தது. வெறும் கசெட் வாங்கிக் கொடுத்தால் கேட்ட பாட்டைப் பதிந்து தருவார்கள். முதலாளி எங்கள் ஆள்தான், ஆனால் இரண்டு தலைமுறையாகக் கடைக்காரக் குடும்பம். தோட்டத்துச் சண்டையை மோப்பம் பிடித்து அவர் ஒரு காரியம் செய்தார். அந்த இசையமைப்பாளரின் பாட்டுகளை எழுதினவர் வாரியாகப் பிரித்துப் பதிந்து வைத்தார். கண்ணுக்காரருக்கு ஒரு கசெட், வாய்க்காரருக்கு ஒரு கசெட் என்று. நன்றாகப் போனது. மேட்டு லயத்து ஆள் ஒன்று வாங்கினால் பள்ளத்து லயத்து ஆள் சும்மா இருப்பாரா.

சம்பளத்து ஞாயிறுகளில் அத்தை அந்தக் கடைக்கு வெளியே நிற்பாள். வாங்க மாட்டாள். கேட்பாள். ஒரு நாள் முதலாளி ஒரு பள்ளிக்கூட மாஸ்டரிடம், இது பெரிய கவிஞர் எழுதினது என்று ஒரு பாட்டைச் சொன்னார். அத்தை வெளியே நின்றபடியே, இல்லீங்க, அது மூத்தவரு என்றாள். முதலாளி முறைத்தார். உள்ளே போய் ஒரு தடித்த கொப்பியைப் புரட்டினார். எந்தப் பாட்டை யார் எழுதினார் என்று அவர் குறித்து வைத்திருந்த கொப்பி. திரும்பி வந்து அத்தையைப் பார்த்தார். அப்போதிருந்து அவள் வந்து நின்றால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

வைகாசி மழையில் ஆறு பஜாருக்குள் வந்தது. கடைகளில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு ரொட்டி விற்கிற பாண்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லயத்துக்கு வந்தார். ரெக்கோட் பார் முதலாளி அத்தையை வரச் சொன்னதாக அப்பாவிடம் சொன்னார். அந்தக் கொப்பி தண்ணீரில் கரைந்துவிட்டதாம். பாட்டைக் கேட்டு எழுதினவரைச் சொல்ல ஆள் வேண்டுமாம். சரியாகச் செய்தால் அவளையே கடையில் நிரந்தரமாக வைத்துக்கொள்வாராம். மாசச் சம்பளம். சிங்களமும் பேசுவாள் என்பதால் கௌண்டரில் இருக்கலாம்.

அப்பா இரண்டு முறை கேட்டார், கௌண்டரிலா என்று. எங்கள் லயத்தில் இருந்து அதுவரை யாரும் ஃபேன் காற்றில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை. அத்தைக்கு இருபத்திரண்டு வயசு. கையில் கத்திக் காய்ப்பு. பால் காய்ந்து நகத்தடி எப்போதும் கறுப்பு.

மழை பெய்தால் பட்டை நனைந்திருக்கும், வெட்டு இல்லை. அதனால் மழை நாட்களில் போவது என்று முடிவானது. கலியாணமாகாத பெண் தனியாகப் பஜாருக்குப் போகக் கூடாது என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். எனக்கு எழுத்து அழகு. புதுக் கொப்பியில் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. பள்ளிக்கூடமும் வெள்ளத்துக்கு மூடியிருந்தது.

கடை சேற்று வாடை அடித்தது. மேல் தட்டில் இருந்த கொஞ்சம் கசெட்டுகள்தான் தப்பியிருந்தன. அவை இந்தியாவில் இருந்து வந்தவை, அட்டையில் எல்லாம் அச்சாகியிருக்கும். மற்றதெல்லாம் முதலாளி பதிந்தவை. பேனாவால் எழுதின எழுத்து போய் அட்டை வெறும் நீலமாக நின்றது. முதலாளி ஒவ்வொன்றையும் திருகாணி கழற்றி, ரிப்பனை அலசி, கயிற்றில் தொங்கவிட்டு, வேறு கூட்டில் போட்டுப் பென்சிலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

முதலில் சோதனை வைத்தார். மேல் தட்டுக் கசெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பாட்டைப் போட்டார். அத்தை நின்றபடி கேட்டாள். கண்ணை மூடவில்லை. வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பெரியவரு.”

அடுத்த பாட்டு.

“பெரியவருதான். ஆனா மனசு வெச்சு எழுதல.”

அடுத்தது. பல்லவி முடியவில்லை.

“மூத்தவரு.”

முதலாளி அட்டையைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார். சாமி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஆடுவார்கள். இவள் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னாள். பதினைந்து பாட்டுக்கு மேல் போட்டிருப்பார். ஒன்றே ஒன்றில்தான் இடித்தது. வெளியூர் போய் வந்த புருஷனைப் பெண்சாதி வரவேற்கிற பாட்டு. மெட்டு மெதுவானது. அத்தை முழுப் பாட்டையும் கேட்டாள். இன்னொரு முறை போடச் சொன்னாள்.

“இது இந்த மூணு பேரும் இல்லீங்க. வேற ஆளு.”

அட்டையில் பெரிய கவிஞர் பேர்தான் இருக்கிறது என்று முதலாளி காட்டினார். அந்தக் கசெட்டில் எல்லாப் பாட்டுக்கும் சேர்த்து ஒரே பேர். அத்தைக்கு அந்தப் பொடி எழுத்தை வாசிக்க வராது. நான் வாசித்தேன்.

“அட்டை அடிச்சவரு பாட்டைக் கேட்டாராங்க?”

முதலாளி சிரித்துவிட்டார். எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். அத்தை யோசித்தாள். பெரியவர் எழுதியிருந்தால் புருஷன் வந்ததும் நிலாவைக் கூப்பிட்டிருப்பார், மூத்தவர் இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்க வைத்திருப்பார், இந்த ஆள் முதலில் கால் கழுவத் தண்ணி மோந்து கொடுக்கச் சொல்கிறார் என்றாள். அதற்குப் பிறகுதான் அவளைப் பேசவே விடுகிறார்.

முதலாளி பாட்டை இன்னொரு முறை போட்டார். தண்ணி மோந்து கொடுக்கிற வரி வந்தது. நூறு முறையாவது பதிந்திருப்பேன், இப்படி ஒரு வரி இருக்கிறதே தெரியாது என்றார். வேலை உனக்குத்தான் தங்கச்சி என்றும் சொன்னார். எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்தார்.

மூன்று நாள் மழை விடாமல் பெய்தது. மூன்று நாளும் போனோம். முதலாளி பாட்டைப் போடுவார், அத்தை சொல்வாள், நான் எழுதுவேன். இடது பக்கம் பாட்டின் முதல் வரி, வலது பக்கம் எழுதினவர் பேர். சில பாட்டுக்குச் சேற்றில் ரிப்பன் கெட்டு ஆள் தண்ணீருக்குள் நின்று பாடுகிற மாதிரி இருக்கும். அதிலும் சொன்னாள். கண்ணுக்காரர் நாலு நாள் காய்ச்சலில் எழுதியிருக்கிறார் என்பாள். இது வாய்க்காரர், ஆனால் யாரோ அவசரப்படுத்தியிருக்கிறார்கள் என்பாள். கடைக்கு வந்தவர்கள் கசெட் வாங்குவதை மறந்து நின்றார்கள். ஒரு சிங்களப் பையனுக்கு அவள் ஒரு பாட்டின் கருத்தைச் சிங்களத்தில் சொன்னாள். அவன் இத்தனை நாள் ஆடிய பாட்டு, ஒரு தகப்பன் செத்துப்போன பாட்டு. அவன் அதை இன்னொரு முறை போடச் சொல்லி, ஆடாமல் கேட்டுவிட்டுப் போனான்.

அந்த வேற ஆள் மட்டும் நடு நடுவே வந்துகொண்டிருந்தார். அவருக்கு அத்தை பேர் வைக்கவில்லை. அந்த ஆளு என்றுதான் சொன்னாள். அவர் வந்தால் வலது பக்கத்தை நான் வெறுமையாக விட்டேன். முடிவில் எண்ணினால் ஏழு பாட்டு.

மூன்றாம் நாள் சாயந்தரம் வேலை முடிந்தது. அத்தை கை கழுவப் பின்பக்கம் போனாள். முதலாளி கொப்பியைப் புரட்டினார். மகிழ்ச்சியாக இருந்தார். வெறுமையாக இருந்த இடங்களைப் பார்த்ததும், இதுக்கெல்லாம் பெரிய கவிஞர் பேரைப் போடு மகள் என்றார். அந்தச் சோதனைப் பாட்டின் அட்டையிலும் அதுதானே இருக்கிறது. நான் போட்டேன். முதலாளி சொன்னார், எழுதினேன். ஏழு இடத்திலும் எழுத்து அழகாக வந்தது.

அத்தை வந்து கொப்பியைப் பார்த்தாள். அவளுக்கு வாசிப்பு மெதுவாகத்தான் வரும். ஆனால் வெறுமையாக இருந்த இடம் நிறைந்திருப்பது தெரிந்தது.

“என்ன எழுதுன?”

நான் சொன்னேன். அவள் முதலாளியைப் பார்த்தாள்.

முதலாளி கோபப்படவில்லை. பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். பேர் இல்லாத பாட்டை எந்தக் கசெட்டில் சேர்ப்பது. பெரிய கவிஞர் கசெட்டில் சேர்த்தால் நாலு பேர் கேட்பார்கள், இல்லையென்றால் தட்டிலேயே கிடக்கும். பாட்டுக்கும் அதுதான் நல்லது. அத்தை, இசையமைப்பாளர் பேரை மட்டும் போட்டு விடுங்கள் என்றாள். அப்படி ஒரு கசெட்டை எவன் வாங்குவான் என்று அவர் கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது எனக்கு.

“கமக் நே தங்கச்சி,” என்றார். பரவாயில்லை என்பதற்குப் பஜாரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். “அந்த ஆளு வந்து கேக்கப் போறானா? நீ போட வேணாம். புள்ள போட்டிருச்சு. நீ பாக்காத மாதிரி இரு. திங்கக்கெழமை வந்து கதிரையில உக்காரு.”

அத்தை கொப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கூரையில் மழை கேட்டது.

“எங்க அண்ணி வாளியில தெனமும் என் பாலைக் கொஞ்சம் ஊத்துறேன் முதலாளி. புள்ள பெத்த ஒடம்பு, எல்லா மரத்தையும் சுத்த முடியல. பால் கொறைஞ்சா அரைப்பேர்தான் போடுவாங்க, அரைநாள் கூலிதான். அது என் பால். நான் ஊத்தலாம். இது அந்த ஆளோடது. அவருக்குத் தெரியாம எடுத்து இன்னொருத்தர் வாளியில ஊத்த நான் யாருங்க?”

எனக்கு அது அப்போதுதான் தெரியும். அம்மாவின் வாளி நிறைந்து வருவதைப் பார்த்து அம்மா கெட்டிக்காரி என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றியிருக்கிறேன்.

அத்தை என் கையில் இருந்த பேனாவை வாங்கினாள். ஏழு இடத்திலும் கோடு போட்டாள். கத்தி பிடிக்கிற மாதிரி பேனாவைப் பிடித்திருந்தாள். கோடு நேராக வந்தது. கொப்பியை மூடி முதலாளி முன்னால் வைத்தாள். இதன் மேல் நீங்கள் மறுபடி பேர் எழுதுவீர்கள், நான் அந்தக் கொப்பியை வைத்து வேலை செய்தால் தினமும் அதைப் பார்க்க வேண்டியிருக்கும், என்னால் ஆகாது என்றாள். முதலாளி, யோசித்துப் பார், திங்கட்கிழமை வரை ஆள் எடுக்க மாட்டேன் என்றார். நல்ல மனுஷன்தான். மூன்று நாளுக்குக் கூலியும் எனக்கு ஒரு பேனாவும் கொடுத்தார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். எனக்கு ஆத்திரம். நான் அழகாக எழுதினதை அடித்துவிட்டாள் என்பது ஒன்று. சோடா இனி இல்லை என்பது இன்னொன்று. தோட்டத்து வளைவில் இறங்கி மேட்டில் ஏறும்போது கேட்டேன்.

“அந்த ஆளு பேரு என்ன அத்தை?”

“தெரியாது.”

“எந்த ஊரு?”

“தெரியாது புள்ள. நட.”

வீட்டில் அப்பா வாசலிலேயே நின்றார். என்ன ஆச்சு என்று கேட்டார். சரி வரல அண்ணே என்று மட்டும் சொல்லி அத்தை உள்ளே போனாள். நான் சும்மா இருக்கவில்லை. கொப்பி, ஏழு பாட்டு, கோடு எல்லாவற்றையும் கொட்டினேன். அப்பாவின் முகம் சிவந்தது. ஊர் பேர் தெரியாத எவனோ ஒருத்தனுக்காகவா என்று ஆரம்பித்தார். நான் அதோடு விடாமல் பால் ஊற்றுகிற கதையையும் சொன்னேன். அதைச் சொன்னால் அவருக்கு இன்னும் கோபம் வரும், அத்தைக்கு நன்றாகக் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அப்பா பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தம்பியின் தொட்டிலைப் பார்த்தாள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மழையிலேயே வெளியே போய் நின்றார். அன்றைக்கும் சரி, திங்கட்கிழமையும் சரி, அந்த வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் தாங்க முடியாமல்தான் பேசாமல் இருக்கிறார் என்று நான் முடிவு செய்தேன்.

அந்த ஏழு பாட்டையும் எழுதினவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தை சொன்னது சரியா, அட்டை சொன்னது சரியா என்றும் தெரியாது. முதலாளி அந்தக் கோட்டை மதித்தாரா, அதன் மேல் மறுபடி எழுதினாரா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு கௌண்டரில் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை வெயில் அடித்தது. பள்ளிக்கூடமும் திறந்தது. நான் ரப்பர் மலை வழியாக இறங்கினேன். மேலே அத்தையின் மரங்கள். அவள் குனிந்து பட்டையைச் சீவிக்கொண்டிருந்தாள். பாடிக்கொண்டும் இருந்தாள். மெதுவான மெட்டு, தண்ணி மோந்து கொடுக்கிற பாட்டு. ஒரு மரம் முடித்து அடுத்த மரத்துக்குப் போகும்போதும் விடவில்லை. நல்ல வேலையைக் கையால் தள்ளிவிட்டு வந்த ஆள் காலையிலேயே இப்படிப் பாடுவதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தைக்கு வெட்கமே இல்லை என்று நினைத்துக்கொண்டு, மணி அடித்துவிடும் என்று ஓடினேன்.